போப்புகளின் போர்கள்: மறுமலர்ச்சிக் கால இத்தாலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1471 முதல் 1530 வரை இத்தாலியில் போப்புகளும் கர்தினால்களும் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் உயர் குருமார்கள்) பிரபுக் குடும்பங்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்ட கதை இது. பெயர்கள் நிறைய வரும். பயப்பட வேண்டாம், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள்.

போப் மதத் தலைவர்தானே? அவருக்கு எதற்குப் படையும் போரும்?

அவர் ஒரு நாட்டுக்கு அரசரும்கூட. ரோமில் தொடங்கி, அப்பெனின் மலையைத் தாண்டி, அட்ரியாட்டிக் கடற்கரையில் ரொமான்யா வரை நடு இத்தாலியின் பெரும்பகுதி திருச்சபையின் ஆட்சிப் பகுதி. ஆனால் அதெல்லாம் பத்திரத்தில்தான். நேரில் போய்ப் பார்த்தால் ரிமினியில் மலத்தெஸ்தா, ஃபயென்சாவில் மன்ஃப்ரேதி, உர்பினோவில் மோந்தெஃபெல்த்ரோ, பெருஜியாவில் பல்யோனி, பொலோன்யாவில் பென்திவோலியோ என்று ஊருக்கு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். பெயரளவில் அவர்கள் போப்பின் பிரதிநிதிகள். ஆண்டுதோறும் ரோமுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டாமலே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு.

ரோம் நகரமே போப்பின் கையில் முழுதாக இல்லை. ஒர்சினி, கொலொன்னா என்ற இரண்டு பெருங்குடும்பங்கள் நகரைச் சுற்றிக் கோட்டைகள் வைத்திருந்தன. இரண்டு குடும்பத்திலும் கர்தினால்கள் இருந்தார்கள். போப் ஒரு வீட்டோடு ஒட்டினால் அடுத்த வீடு தானாகவே எதிரியாகிவிடும்.

சரி, மகனுக்கு எழுதிவைக்க முடியாத பதவிக்கு ஏன் இவ்வளவு அடிதடி?

எழுதிவைக்க முடியாததுதான் காரணம். நான்காம் சிக்ஸ்துஸ் 13 ஆண்டு இருந்தார், ஆறாம் அலெக்சாண்டர் 11, இரண்டாம் ஜூலியஸ் ஒன்பது சொச்சம். மூன்றாம் பயஸ் 26 நாள். போப் கண்ணை மூடினால் அடுத்த மாதமே எதிரிக் குடும்பத்து ஆள் அந்த நாற்காலியில் உட்காரலாம். குத்தகை முடிவதற்குள் சொந்த வீடு கட்டிவிடத் துடிக்கும் குடித்தனக்காரரின் நிலைமை அது. அண்ணன் மகனைக் கர்தினால் ஆக்குவது, அக்கா மகனுக்கு ஒரு ஊரை வாங்கிக் கொடுப்பது, பெரிய இடத்தில் பெண் எடுப்பது, எல்லாமே பத்து வருடத்துக்குள் முடிந்தாக வேண்டும். இந்த அவசரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கீழே வரும் போர்களில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

முதல் உதாரணம் சிக்ஸ்துஸ். சவோனா பக்கத்து எளிய குடும்பம், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1471 ஆகஸ்டில் போப் ஆனார். டிசம்பருக்குள் அக்கா தங்கை, அண்ணன் தம்பி பிள்ளைகளில் இரண்டு பேர் கர்தினால்கள். அதில் ஒருவர் ஜூலியானோ தெல்லா ரோவெரே. பின்னாளில் இரண்டாம் ஜூலியஸ் ஆகப் போகிறவர் இவர்தான். இன்னொரு மருமகன் (சகோதரி மகன்) ஜிரோலாமோ ரியாரியோவுக்கு இமோலா என்ற ஊரை மிலான் ஆட்சியாளரிடமிருந்து 40,000 டுகாட் தங்கக் காசுக்கு வாங்கிக் கொடுத்தார். மிலான் ஆட்சியாளரின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் கத்தரினா ஸ்ஃபோர்சாவே மணப்பெண்.

இமோலா விவகாரம்தான், ஃப்ளோரன்ஸின் மெடிச்சி சகோதரர்களைக் கொல்லப் போட்ட பாட்சி சதியில் போய் முடிந்தது என்கிறார்களே, எப்படி?

வழக்கம்போலப் பணத்தில்தான் ஆரம்பித்தது. போப்பின் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்தது ஃப்ளோரன்ஸின் மெடிச்சி வங்கி. இமோலா வாங்கக் கடன் கேட்டபோது அந்தக் குடும்பத்தின் தலைவரும் நடைமுறையில் ஃப்ளோரன்ஸை ஆண்டவருமான லொரென்சோ தெ மெடிச்சி பிடி கொடுக்கவில்லை. அந்த ஊர் ஃப்ளோரன்ஸுக்கு வேண்டும் என்று அவரும் கண் வைத்திருந்தார். போட்டி வங்கியான பாட்சி குடும்பம் முன்வந்து கொடுத்தது. 1474-இல் போப்பின் கணக்கே மெடிச்சியிடமிருந்து பாட்சிக்கு மாறியது. அதே ஆண்டு, பாட்சிகளுக்கு நெருக்கமான ஃப்ரான்செஸ்கோ சல்வியாத்தியைப் பைசா நகரப் பேராயராகப் போப் நியமித்தார். லொரென்சோ நெடுநாள் அவரை ஊருக்குள் விடவில்லை. ஆக, ஊரை வாங்கிய மருமகன், கடன் கொடுத்த வங்கிக்காரர், வாசலில் நிறுத்தப்பட்ட பேராயர் ஆகிய மூன்று பேருக்கும் ஒரே எதிரி.

சதித் திட்டத்தோடு போப்பிடம் போனபோது, ஆட்சி மாறட்டும், ஆனால் யாரும் சாகக் கூடாது என்று சொன்னாராம். இது நமக்குத் தெரிவது மோந்தேசெக்கோ என்ற படைவீரரின் வாக்குமூலத்தால். லொரென்சோவைக் கொல்லும் வேலை முதலில் அவரிடம்தான் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குள் வைத்துச் செய்ய வேண்டும் என்றதும் மாட்டேன் என்றுவிட்டார். அந்த இடத்துக்கு இரண்டு குருமார்கள் ஒப்புக்கொண்டார்கள்! இந்தச் சதியில் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை தோன்றுவது அந்தப் படைவீரர் மேல்தான்.

அன்று கோயிலுக்குள் என்ன நடந்தது?

1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோரன்ஸ் பேராலயத்தில் பூசை. விருந்தினர், போப்பின் பேரன் முறையான ரஃபயேலே ரியாரியோ. பதினாறு வயது, அதற்குள் கர்தினால். லொரென்சோ வந்துவிட்டார், தம்பி ஜூலியானோவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. ஃப்ரான்செஸ்கோ தெ பாட்சியும் பெர்னார்தோ பந்தீனியும் அவர் வீட்டுக்கே போய்ச் சிரித்துப் பேசிக் கூட்டிவந்தார்கள். வழியில் ஃப்ரான்செஸ்கோ அவரைச் செல்லமாக அணைத்தது உள்ளே கவசம் போட்டிருக்கிறாரா என்று தடவிப் பார்க்கத்தான். போட்டிருக்கவில்லை.

பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கத்திகள் வெளியே வந்தன. ஜூலியானோ உடம்பில் 19 குத்து. ஃப்ரான்செஸ்கோ வெறியில் தன் தொடையிலேயே குத்திக்கொண்டார். லொரென்சோமேல் பாய்ந்த குருமார்களுக்குக் கத்திப் பழக்கம் இல்லை. கழுத்தில் ஒரு கீறலோடு அவர் திமிறி, பூசை உடை மாற்றும் அறைக்குள் ஓடினார். நண்பர்கள் வெண்கலக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். கத்தியில் நஞ்சு இருக்குமோ என்று ஓர் இளைஞர் காயத்தில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினார்.

அதே நேரம் பேராயர் சல்வியாத்தி, ஆட்களோடு அரசு மாளிகையைப் பிடிக்கப் போயிருந்தார். நகரத் தலைவர் பெத்ருச்சியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பேச்சு குழறி, முகம் மாறி, திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார். பெத்ருச்சிக்குப் பொறி தட்டியது. பேராயரின் ஆட்கள் காத்திருந்த அறையின் கதவு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வகை. அவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். தெருவில் யாக்கோப்போ தெ பாட்சி குதிரையேறி "மக்களே, விடுதலை!" என்று கத்திக்கொண்டு போக, பதிலுக்கு "பல்லே! பல்லே!" என்று குரல் வந்தது. அது மெடிச்சிக் குடும்பச் சின்னத்திலுள்ள உருண்டைகளைக் குறிக்கும் முழக்கம்.

மாலைக்குள் பேராயரும் ஃப்ரான்செஸ்கோவும் மாளிகை ஜன்னலில் தொங்கினார்கள். அடுத்தடுத்த நாட்களில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 80 பேர். பந்தீனி தப்பி கான்ஸ்தாந்திநோபிள் வரை ஓடினார். சுல்தான் அவரைப் பிடித்துத் திருப்பி அனுப்ப, 1479 டிசம்பரில் தூக்கு. அந்தப் பிணத்தை லியனார்தோ தா வின்சி வரைந்து, தொப்பி என்ன நிறம், மேலங்கி என்ன நிறம் என்று பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்.

பேராயரைத் தூக்கில் போட்டதற்குப் போப் சும்மா இருந்தாரா?

இல்லை. லொரென்சோவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார், ஃப்ளோரன்ஸ் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டார். தடை என்றால் பூசை இல்லை, முறைப்படி அடக்கம் இல்லை. கூடவே நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்ராந்தேயோடு சேர்ந்து படையும் அனுப்பினார். போர் ஃப்ளோரன்ஸுக்கு மோசமாகவே போனது. 1479 டிசம்பரில் லொரென்சோ தானே கப்பலேறி எதிரி ஃபெர்ராந்தேயின் ஊருக்குப் போய் உட்கார்ந்து பேசி, மார்ச்சில் சமாதானத்தோடு திரும்பினார். துணிச்சல்தான், ஆனால் முன்கூட்டியே தூது விட்டுவிட்டுத்தான் கிளம்பினார். போப் மசியவில்லை. 1480 ஆகஸ்டில் ஒட்டோமான் படை தெற்கு இத்தாலியில் ஒத்ராந்தோவைப் பிடித்த பிறகுதான் அவசர அவசரமாக மன்னிப்பு வழங்கினார்.

ஒரு கொசுறு. தூக்கிலிடப்பட்டவர்களின் உருவங்களை ஃப்ளோரன்ஸில் சுவரில் வரையச் சொன்னது போத்திச்செல்லியிடம். 1481-இல் ரோமில் சிக்ஸ்துஸ் கட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தின் சுவர்களுக்கு ஓவியம் தீட்டப் போனவர்களில் அவரும் ஒருவர்.

கூலிப்படைத் தலைவர்கள் என்பவர்கள் யார்?

ஒப்பந்தத்துக்குப் போர் செய்தவர்கள். ஒப்பந்தத்துக்கு இத்தாலியில் கொந்தோத்தா என்று பெயர். அதை எடுத்தவர் கொந்தோத்தியேரே. எத்தனை குதிரைவீரர், எத்தனை மாதம், முன்பணம் எவ்வளவு, செத்த குதிரைக்கு ஈடு எவ்வளவு என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். உறுதியான காலம் ஒன்று. அது முடிந்தால் விருப்பப்பட்டு நீட்டிக்கொள்ளும் காலம் ஒன்று. கணக்கு ஆள் வாரியாக இல்லாமல் 'ஈட்டி' வாரியாகப் போகும். ஒரு ஈட்டி என்றால் கவச வீரர், துணை வீரர், எடுபிடிப் பையன் என்று மூன்று பேர்.

பெரிய தலைவர்கள் பலர் சின்ன ஊர்களின் ஆட்சியாளர்கள். உர்பினோவின் ஃபெதெரிகோ தா மோந்தெஃபெல்த்ரோ இதில் கெட்டிக்காரர். போரில் சம்பாதித்த பணத்தில்தான் உர்பினோ அரண்மனையும் நூலகமும் எழுந்தன. விளையாட்டுப் போரில் வலக்கண் போனதால் ஓவியங்களில் எப்போதும் இடப்பக்கத்து முகத்தையே காட்டுவார். கண்ணியமானவர் என்று நெடுநாள் பெயர். 2000-களில் அவருடைய சங்கேதக் கடிதம் ஒன்றைப் பிரித்துப் படித்தபோது, பாட்சி சதி நாளில் ஃப்ளோரன்ஸுக்கு வெளியே 600 பேரை நிறுத்த அவர் தயாராக இருந்தது தெரியவந்தது.

அவர்கள் பேருக்குத்தான் சண்டை போட்டார்கள், யாரும் சாகவில்லை என்பது உண்மையா?

ஃப்ளோரன்ஸ் அதிகாரியும் அரசியல் எழுத்தாளருமான மக்கியாவெல்லி பரப்பிய கதை அது. 1440-இல் நடந்த ஆங்கியாரி போரில் ஒரே ஒருவர்தான் செத்தார், அதுவும் குதிரையிலிருந்து விழுந்து, என்று எழுதினார். உண்மையில் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவருக்குக் கூலிப்படை முறையே பிடிக்காது, குடிமக்கள் படைதான் வேண்டும் என்பவர். அந்த வாதத்துக்கு வசதியாக எழுதிக்கொண்டார்.

ஆனாலும் 1494-இல் ஒரு மாற்றம் வந்தது நிஜம். பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் நேப்பிள்ஸ்மேல் உரிமை கொண்டாடி ஆல்ப்ஸைத் தாண்டி வந்தார். கல்லுருண்டைக்குப் பதில் இரும்புக் குண்டு போடும் வெண்கலப் பீரங்கிகள், குதிரை இழுக்கும் வண்டியில். முற்றுகை என்றால் மாதக்கணக்கு என்று பழகியிருந்த இத்தாலியர்கள், மதில்கள் சில மணி நேரத்தில் சரிவதைப் பார்த்தார்கள். சரிந்த பிறகு உள்ளே இருந்தவர்களைக் கொன்று குவித்தார்கள். இமோலா பக்கத்து மொர்தானோ கோட்டையில் நடந்த படுகொலை மற்ற ஊர்களைக் கதவைத் திறக்க வைத்தது. இந்தப் படையோடு கூடவே வந்து, போப் ஆறாம் அலெக்சாண்டரைப் பதவியிறக்குங்கள் என்று நச்சரித்தவர் யார் தெரியுமா? கர்தினால் ஜூலியானோ தெல்லா ரோவெரே. வெளிநாட்டுக்காரரை விரட்டிய போப் என்று பிற்பாடு பெயர் வாங்கியவர்.

கத்தரினா ஸ்ஃபோர்சா நிஜமாகவே கோட்டையைப் பாதுகாத்தாரா?

ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. 1484-இல் சிக்ஸ்துஸ் இறந்ததும், ஏழு மாதக் கர்ப்பத்தோடு குதிரையேறிப் போய் ரோமின் சாந்தாஞ்செலோ கோட்டையைப் பிடித்துக்கொண்டு, பீரங்கியைத் திருப்பிக் கர்தினால்களை மிரட்டினார். 1488-இல் கணவர் ஜிரோலாமோ ஃபோர்லி நகரில் குத்திக் கொல்லப்பட்டு, உடல் ஜன்னல் வழியாகச் சதுக்கத்தில் வீசப்பட்டது. கொலைகாரர்களிடம் பிள்ளைகள் பிணை. கோட்டைத் தளபதியைச் சரணடையச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், கதவைச் சாத்திக்கொண்டு ஊர்மேல் பீரங்கியைத் திருப்பினார். மதில்மேல் நின்று பாவாடையைத் தூக்கிக் காட்டி, "பிள்ளை பெற இன்னும் வழியிருக்கிறது" என்றாரே, அந்தக் கதை மக்கியாவெல்லியின் கைவண்ணமாகத்தான் இருக்கும். 1500 ஜனவரியில் அதே கோட்டையைச் சேசரே போர்ஜியா உடைத்து அவரைச் சிறைப்பிடித்தார்.

சேசரே போர்ஜியா எப்படி அவ்வளவு வேகமாக வளர்ந்தார்?

அப்பா போப் என்பதால். ஆறாம் அலெக்சாண்டராக 1492-இல் பதவியேற்ற ரொத்ரிகோ போர்ஜியா, மருமகன் என்று நாடகமாடாமல் பெற்ற பிள்ளைகளை வெளிப்படையாகவே முன்னால் நிறுத்தினார். சேசரே 18 வயதில் கர்தினால். 1498-இல் அந்தச் சிவப்பு அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிரான்ஸ் போனார். பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயிக்கு முதல் திருமணத்தை ரத்து செய்ய வேண்டியிருந்தது, போப்பால்தான் முடியும். பதிலுக்குச் சேசரேவுக்கு டியூக் பட்டம், பிரபுக் குடும்பத்துப் பெண், படை. பண்டமாற்று முடிந்தது.

பிறகு மூன்றே ஆண்டில் இமோலா, ஃபோர்லி, பெசரோ, ரிமினி, ஃபயென்சா, உர்பினோ. இதில் ஃபயென்சாவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். மற்ற ஊர்க்காரர்கள் பலர் தங்கள் ஆட்சியாளரை வெறுத்தார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள். ஃபயென்சா மக்கள் தங்கள் இளவரசர் அஸ்தோரே மன்ஃப்ரேதி என்ற பையனுக்காக ஒரு குளிர்காலம் முழுக்கத் தாக்குப் பிடித்தார்கள். 1501 ஏப்ரலில், உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்கை நம்பிச் சரணடைந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பையனின் உடல் டைபர் ஆற்றில் கிடைத்தது.

பிடித்த ஊர்களைச் சேசரே ஆண்டவிதம் மோசமில்லை. ரொமான்யாவை அடக்கி ஒழுங்குபடுத்த ரமீரோ தெ லோர்க்கா என்ற முரட்டு அதிகாரியைப் போட்டார். வேலை முடிந்தது, மக்களுக்கு அந்த ஆள்மேல் வெறுப்பும் சேர்ந்தது. 1502 டிசம்பர் 26 காலையில் செசேனா சதுக்கத்தில் ரமீரோவின் உடல் வெட்டப்பட்டுக் கிடந்தது, பக்கத்தில் ஒரு கட்டையும் கத்தியும். ஃப்ளோரன்ஸின் தூதராக மக்கியாவெல்லி அப்போது அதே ஊரில் இருந்தார்.

சினிகாலியா சம்பவம் என்பது அதுவா?

அது ஐந்து நாள் கழித்து. சேசரேவின் கூலிப்படைத் தலைவர்கள், இன்று அடுத்தவன் ஊர், நாளைக்கு நம் ஊர் என்று பயந்து அக்டோபரில் அவருக்கு எதிராகக் கூடினார்கள்: வித்தெலோட்சோ விதெல்லி, ஒலிவரோத்தோ, ஒர்சினிகள் இரண்டு பேர். கூடினார்களே தவிர, அடிக்கவில்லை. சேசரே இனிக்க இனிக்கப் பேசி, பணம் கொடுத்து, எல்லாம் மறந்தாச்சு என்று ஒப்பந்தம் போட்டார். அவர்களும் நல்லெண்ணத்தைக் காட்டச் சினிகாலியா என்ற கடற்கரை ஊரைப் பிடித்து, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

டிசம்பர் 31 அன்று அவர் வந்தார். என் படை தங்க இடம் வேண்டும், உங்கள் ஆட்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அனுப்பிவிட்டார்கள். ஒலிவரோத்தோ மட்டும் ஊருக்குள் தன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரையும் ஆள் விட்டு அழைத்துவந்தார்கள். கட்டித் தழுவி, பேசிக்கொண்டே ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது. அன்றிரவே வித்தெலோட்சோவும் ஒலிவரோத்தோவும் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். ஒர்சினிகளுக்கு மட்டும் ஜனவரி 18 வரை அவகாசம். ரோமில் கர்தினால் ஒர்சினி கைதான செய்தி வந்த பிறகுதான் அவர்கள் கதை முடிந்தது. ஒலிவரோத்தோவுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஓராண்டுக்கு முன்புதான், தன்னை வளர்த்த தாய்மாமனை விருந்துக்கு அழைத்துக் கொன்று ஃபெர்மோ நகரைப் பிடித்தவர் அவர்.

தம்பி ஹுவானைக் கொன்றது சேசரேதானா?

நிரூபணம் இல்லை. 1497 ஜூன் 14 இரவு ஹுவான் காணாமல் போனார். பிறகு டைபரில் வலை போட்டு உடலை எடுத்தார்கள். பையில் காசு அப்படியே இருந்தது, எனவே திருட்டு இல்லை. ஒர்சினிகள்மேல் சந்தேகம், ஸ்ஃபோர்சாக்கள்மேல் சந்தேகம். சேசரேவின் பெயர் பல மாதம் கழித்துத்தான் அடிபட ஆரம்பித்தது. எனக்கு இந்த வழக்கில் மறக்க முடியாதவர் சாட்சி சொன்ன மரவியாபாரி. ஆற்றோரத்தில் மரத்துக்குக் காவல் படுத்திருந்தவர், குதிரையில் பிணத்தைக் கொண்டுவந்து வீசியதைப் பார்த்திருக்கிறார். ஏன் உடனே வந்து சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இதே இடத்தில் நூறு பிணமாவது விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், யாரும் வந்து கேட்டதில்லை என்றாராம்.

போர்ஜியாக்கள் நஞ்சு வைத்துக் கொன்றது? லுக்ரேசியா?

சேசரேவின் தங்கை லுக்ரேசியா யாருக்கும் நஞ்சு வைத்ததற்குச் சான்றே இல்லை. அவரைத்தான் அப்பாவும் அண்ணனும் காய் நகர்த்தினார்கள்: முதல் திருமணம் பயன் தீர்ந்ததும் ரத்து, இரண்டாவது கணவர் 1500-இல் அண்ணனின் ஆளால் கொலை, மூன்றாவது ஃபெராராவின் அல்ஃபோன்சோ தெஸ்தே. அங்கே நல்ல பெயரோடு வாழ்ந்து, 1519-இல் பிரசவத்துக்குப் பின் இறந்தார். அலெக்சாண்டர் 1503 ஆகஸ்ட் 18-இல் இறந்தது பெரும்பாலும் மலேரியாவால். ஆகஸ்ட் மாத ரோமில் அது புதிதல்ல.

அப்பா போனதும் சேசரே ஏன் ஒரே வருடத்தில் காணாமல் போனார்?

அதே காய்ச்சலில் அவரும் படுத்துவிட்டார். அப்பா சாகும்போது என்னென்ன நடக்கும் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருந்தேன், அந்த நேரத்தில் நானும் சாகக் கிடப்பேன் என்று மட்டும் நினைக்கவில்லை என்று மக்கியாவெல்லியிடம் சொன்னாராம்.

அடுத்து வந்த மூன்றாம் பயஸ் 26 நாளில் போய்விட்டார். மறுபடியும் தேர்தல். ஸ்பானிஷ் கர்தினால்களின் ஓட்டு சேசரே கையில். தன்னைத் திருச்சபைப் படைத்தலைவராக வைத்துக்கொள்வதாகச் சொன்ன ஒருவருக்கு அந்த ஓட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். அவர் போர்ஜியாக்களால் பத்து வருடம் ஊரைவிட்டே ஓடியிருந்த ஜூலியானோ தெல்லா ரோவெரே! இரண்டாம் ஜூலியஸ் ஆன கையோடு அவர் சேசரேவைப் பிடித்துவைத்து ரொமான்யாக் கோட்டைகளை ஒவ்வொன்றாக எழுதி வாங்கினார். சேசரே நேப்பிள்ஸுக்கு ஓடி, அங்கே கைதாகி, ஸ்பெயினில் சிறைப்பட்டு, தப்பி, 1507 மார்ச்சில் நவார்ராவின் வியானா ஊருக்கு வெளியே ஒரு சின்னச் சண்டையில் செத்தார். வயது 31.

இரண்டாம் ஜூலியஸ் தானே போர்க்களம் போனாரா?

போனார். 1506-இல் கர்தினால்களையும் இழுத்துக்கொண்டு படையோடு கிளம்பி, பெருஜியாவையும் பொலோன்யாவையும் பணிய வைத்தார். உச்சம் 1511 ஜனவரி, மிராந்தோலா முற்றுகை. கடும் பனி, போப்புக்கு வயது 67, நோயிலிருந்து எழுந்து கொஞ்ச நாள்தான். பிரெஞ்சுக்காரரை விரட்டும்வரை மழிக்க மாட்டேன் என்று தாடி வளர்த்திருந்தார். பீரங்கி வைத்த இடம் சரியில்லை என்று தளபதிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, சுடும் தூரத்துக்குள்ளேயே போய்த் தங்கினார். தங்கிய இடத்தை ஒரு பீரங்கிக் குண்டு துளைத்தது. அதை லொரேட்டோ ஆலயத்துக்குக் காணிக்கையாக அனுப்பிவிட்டார். கோட்டைக்கு உள்ளே எதிர்த்து நின்றது ஃப்ரான்செஸ்கா த்ரிவுல்சியோ என்ற விதவை. ஊர் பணிந்ததும், அடைத்த வாசலைத் திறக்கும்வரை பொறுமையில்லாமல் போப் ஏணி வைத்து மதில் வழியாக ஏறி உள்ளே போனார்.

பொலோன்யாவில் அவருக்கு மைக்கேலாஞ்சலோ ஒரு பெரிய வெண்கலச் சிலை செய்தார். 1511-இல் பென்திவோலியோக்கள் ஊருக்குத் திரும்பியதும் சிலையை இழுத்துத் தள்ளி உடைத்தார்கள். அந்த வெண்கலத்தை வாங்கிய அல்ஃபோன்சோ தெஸ்தே (ஆமாம், லுக்ரேசியாவின் கணவர்) அதை உருக்கிப் பீரங்கி வார்த்து, 'ஜூலியா' என்று பெயர் வைத்தார்.

பொலோன்யா கைவிட்டுப் போன பழியைக் கர்தினால் அலிதோசிமேல் சிலர் போட்டார்கள். போப்பின் செல்லப்பிள்ளை அவர். உர்பினோ டியூக்கான போப்பின் தம்பி மகன், ராவென்னாத் தெருவில் பட்டப்பகலில் அவரைக் குத்திக் கொன்றார். வயது 21. போப் அழுதார், விசாரணை நடந்தது, டியூக் விடுதலையானார்.

அலெக்சாண்டருக்குக் கெட்ட பெயரும் ஜூலியஸுக்கு வீரர் பட்டமும் கிடைத்தது நியாயமாக எனக்குப் படவில்லை. சேசரே பிடித்த அதே ஊர்களைத்தான் இவரும் பிடித்தார். குடும்பத்துக்கு எழுதாமல் திருச்சபைக்கு எழுதினார் என்பது உண்மை. ஆனால் உர்பினோ தம்பி மகனுக்கே போயிற்று.

இதில் சாதாரண மக்கள் என்ன ஆனார்கள்?

பிராத்தோவைச் சொன்னால் போதும். 1512 ஆகஸ்டில், பிரெஞ்சு ஆதரவு ஃப்ளோரன்ஸைப் பணிய வைக்கப் போப்பின் கூட்டாளியான ஸ்பானிஷ் படை வந்தது. ஃப்ளோரன்ஸ் பக்கத்திலுள்ள சின்ன ஊர் பிராத்தோ. படைக்கு ரொட்டி இல்லை, பசி. மதிலில் சின்ன ஓட்டை விழுந்ததும் காவலுக்கு நின்ற புதுப் படையினர் ஓடிவிட்டார்கள். அந்தப் படையைத் திரட்டியவர் மக்கியாவெல்லி. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள், சூறை மூன்று வாரம் நீடித்தது. படையோடு வந்திருந்த போப்பின் பிரதிநிதி கர்தினால் ஜொவான்னி தெ மெடிச்சி, லொரென்சோவின் மகன். பயந்துபோன ஃப்ளோரன்ஸ், முன்பு விரட்டிய மெடிச்சிகளைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. ஆறு மாதத்தில் அவர் போப் பத்தாம் லியோ.

கர்தினால்களே போப்பைக் கொல்லப் பார்த்ததுண்டா?

1517-இல் அப்படித்தான் குற்றச்சாட்டு. சியேனாவில் தன் அண்ணனை ஆட்சியிலிருந்து இறக்கிய கோபத்தில், கர்தினால் அல்ஃபோன்சோ பெத்ருச்சி ஒரு மருத்துவரைப் பிடித்து, லியோவின் பவுத்திர நோய்க்குச் சிகிச்சை என்ற சாக்கில் நஞ்சு வைக்கத் திட்டமிட்டாராம். வாக்குமூலங்கள் சித்திரவதையில் வாங்கியவை, அதனால் எவ்வளவு உண்மை என்பது சர்ச்சைக்குரியது. பாதுகாப்புக் கடிதம் கொடுத்து வரவழைத்த பெத்ருச்சியைச் சிறையில் நெரித்துக் கொன்றார்கள். மாட்டிய இன்னொரு கர்தினால் ரஃபயேலே ரியாரியோ. ஆம், 1478 பூசையில் மிரண்டுபோய் நின்ற அதே பையன். இப்போது ஐம்பத்தாறு வயது. பெரும் அபராதம் கட்டினார், ரோமில் தான் கட்டிய அரண்மனையையும் இழந்தார். ஜூலை 1 அன்று லியோ ஒரே மூச்சில் 31 புதுக் கர்தினால்களை நியமித்தார். அவையில் எதிர்ப்பே இல்லாமல் போனது, கஜானாவிலும் பணம் சேர்ந்தது. ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் தன் எதிர்ப்பைக் கிளப்பியதும் அதே ஆண்டு அக்டோபரில்.

1527-இல் ரோம் சூறையாடப்பட்டது எதனால்?

நேரடிக் காரணம் சம்பளப் பாக்கி. போப் ஏழாம் கிளமெண்ட், ஸ்பெயினையும் ஜெர்மனியையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிராகப் பிரான்ஸோடு சேர்ந்தார். முதலில் உள்ளூர் அடி: 1526 செப்டம்பரில் கர்தினால் பொம்பேயோ கொலொன்னா தன் குடும்பப் படையோடு ரோமுக்குள் புகுந்து வத்திக்கானையே கொள்ளையடித்தார். பிறகு ஜெர்மன் கூலி வீரர்கள் மலையிறங்கினார்கள். அவர்களை ஓரளவு தடுத்து நின்றவர், கத்தரினா ஸ்ஃபோர்சாவின் மகன் 'கறுப்புப் பட்டை' ஜொவான்னி. நவம்பரில் பீரங்கிக் காயத்தில் அவர் இறந்ததும் வழி திறந்தது. பல மாதமாகச் சம்பளம் வராத படை தன் தளபதி பேச்சையே கேட்கவில்லை. எங்களை ரோமுக்குக் கூட்டிப் போ என்றது.

மே 6 காலையில் மூடுபனி. தளபதி பூர்போன் டியூக் ஏணியில் ஏறும்போதே சுடப்பட்டு விழுந்தார், பிறகு அந்தக் கூட்டத்துக்குத் தலையே இல்லை. போப்பின் சுவிஸ் காவலர் 189 பேரில் 147 பேர் மடிந்தார்கள். மற்றவர்கள் போப்பை வத்திக்கானிலிருந்து மதில்மேல் செல்லும் நடைபாதை வழியாகச் சாந்தாஞ்செலோ கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கொலை, கற்பழிப்பு, மீட்புப் பணத்துக்குச் சித்திரவதை, பிறகு கொள்ளைநோய். படை முழுதாக வெளியேற 1528 பிப்ரவரி ஆயிற்று. போப்புக்கு விதித்த மீட்புத் தொகை 4,00,000 டுகாட்.

இந்தக் கிளமெண்ட் யார் என்றால், பேராலயத்தில் 19 குத்து வாங்கிச் செத்த ஜூலியானோவின் மகன். திருமணத்துக்கு வெளியே, அப்பா இறந்து ஒரு மாதம் கழித்துப் பிறந்தவர்.

அவர் அதற்குப் பிறகாவது குடும்ப அரசியலை விட்டாரா?

எங்கே விட்டார். ரோம் எரிந்தபோது ஃப்ளோரன்ஸ் மெடிச்சிகளை மறுபடி விரட்டியிருந்தது. கிளமெண்ட் தன்னைச் சிறைவைத்த அதே பேரரசரோடு 1529-இல் ஒப்பந்தம் போட்டு, ரோமைச் சூறையாடிய படையின் மிச்சத்தையே சொந்த ஊரை முற்றுகையிட அனுப்பினார். 1530 பிப்ரவரியில் பொலோன்யாவில் சார்லஸுக்கு முடிசூட்டினார். போப் கையால் பேரரசர் ஒருவர் முடிசூட்டிக்கொண்டது அதுவே கடைசி. ஆகஸ்டில் ஃப்ளோரன்ஸ் பட்டினியில் பணிந்தது, மெடிச்சிகள் திரும்பி வந்தார்கள்.

இதையெல்லாம் இன்று எங்கே பார்க்கலாம்?

ஃபோர்லியில் கத்தரினாவின் ரவால்தீனோ கோட்டை நிற்கிறது. ரோமில் வத்திக்கானுக்கும் சாந்தாஞ்செலோவுக்கும் இடையே அந்த மதில் நடைபாதை இருக்கிறது. ரியாரியோ இழந்த கான்செல்லேரியா அரண்மனை இன்றும் திருச்சபையின் வசமே உள்ளது. தூக்கில் தொங்கும் பந்தீனியின் படம் பிரான்ஸின் பயோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேசரேவிடம் பொறியாளராக வேலை பார்த்தபோது லியனார்தோ வரைந்த இமோலா வரைபடம் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் வத்திக்கான் ஓவியக்கூடத்தில் மெலோட்சோ தா ஃபோர்லி வரைந்த சுவரோவியத்தைப் பாருங்கள். நூலகத் தலைவர் நியமனம் என்பது பெயருக்கு. நாற்காலியில் சிக்ஸ்துஸ், எதிரே சிவப்பு அங்கியில் ஜூலியானோ தெல்லா ரோவெரே, இடது பக்கத்தில் கழுத்தில் தடித்த தங்கச் சங்கிலியோடு ஜிரோலாமோ. பாட்சி சதிக்கு ஓராண்டு முன் வரைந்தது.